பதினெட்டுத் தூண்களின் நான்காவது பக்கம்

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. காலை எட்டு மணிக்குப் புதிய பாலத்தில் ஏறினேன். கைப்பிடித் தூண் ஒவ்வொன்றின் அடியிலும் குந்தி வெல்டிங்கை அளந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது தூண், இரண்டு பக்கமும் பதினெட்டு. பதினெட்டும் என் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தன.

2. பத்தரைக்கு ரிஸ்வான் நானா மேல்குழாய்க்குக் கடைசிப் பூச்சாகப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். பதுளை நகரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், அதனால் எங்களுக்கு நானா. பாலத்தைச் செய்தவரும் அவர்தான். "வெயில் வந்தா பகலுக்குள்ள காஞ்சிரும் மிஸ்," என்றார். வெயில் வரவில்லை.

3. திறப்பு விழா வியாழக்கிழமை என்பதால் பாலத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினேன்.

4. பன்னிரண்டு மணிக்கு, பகல் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க, மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். கயிற்றை அவிழ்த்து உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்தவர் அதை மரியாதையாகத் திரும்பவும் கட்டிவைத்தார்.

5. அக்கரையிலுள்ள மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டிலில், தொடங்கிய வரிசை பாலத்தின் மேல் நீண்டது. எண்ணினேன். இருபத்துநான்கு பேர். எல்லோரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். தலையில் மாட்டிய கயிற்றைக் கழற்றாமலே கொழுந்துச் சாக்கைக் கைப்பிடிக் குழாயின்மேல் ஏற்றிவைத்து, பின்னால் சாய்ந்தார்கள்.

6. ஒன்றும் நடக்கவில்லை. கைப்பிடியிலிருந்து ஒரு சத்தம்கூட இல்லை.

7. நான் குந்தி, தூண்களின் அடியைத் திரும்பவும் பார்த்தேன்.

இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு நான் எளிதில் பயப்படுகிறவள் இல்லை என்பது தெரியும். சென்ற வாரம் தொழிற்சாலைக் கூரையில் ஏறியதை எழுதியிருந்தேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பயந்தேன். வரிசையில் ஏழாவது தூணில் சாய்ந்து நின்றது என் அம்மா.

பாலம் ஏன் வந்தது

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. கீழ் டிவிசன் லயங்கள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகள், ஆற்றுக்கு இந்தப் பக்கம். மடுவம், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் எல்லாம் அந்தப் பக்கம். முன்பு மரப்பாலம் ஒன்று இருந்தது. கைப்பிடியாக முழு மரத்தையே படுக்கப் போட்டிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அது மரத்தோடும் பலகையோடும் அடித்துக்கொண்டு போனது.

அதன்பிறகு சுற்றிப் போக வேண்டியிருந்தது. மழை பெய்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமாட்டார்கள். மழை எங்கள் பக்கம் அடிக்கடி பெய்யும்.

நான் வேலை செய்வது பதுளையில் ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில். மண் சரியும் இடங்களில் தாங்குசுவர், மடைப்பாலம், பள்ளிக்கூடக் கூரை, இந்த மாதிரி வேலைகள். கொஸ்லந்தைக்குப் போகும்போது, மண் சரிந்து லயங்கள் ஆட்களோடு புதைந்துபோன மீரியபெத்தப் பக்கம் வந்தால் எங்கள் வேனில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கை தானாகப் போகும்.

எங்கள் தோட்டத்துப் பாலத்தின் கோப்பு அலுவலகத்துக்கு வந்தபோது, எங்கள் மூத்த பொறியியலாளரான பெரிய சேர் அதை என் மேசையில் வைத்தார். நான் தனியாக வரைந்து, தனியாகக் கணக்குப் போட்டு, கையெழுத்தும் வைத்த முதல் வேலை அதுதான்.

ஒட்டு எவ்வளவு தாங்கும்

கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். பொறுமையாக இருங்கள். கதையே இதற்குள்தான் இருக்கிறது.

ஓர் இரும்புத் தூணை இன்னோர் இரும்பின்மேல் நிறுத்தி, அது சேரும் மூலையில் உருகிய இரும்பை ஓட விடுகிறோம். ஆறினதும் அந்த மூலையில் நீளமான முக்கோணம் மாதிரி ஒரு வரி நிற்கும். அந்த முக்கோணத்தின் மெல்லிய இடத்துக்குத் தொண்டை என்று பெயர். உடைந்தால் அங்கேதான் உடையும். ஆறு மில்லிமீற்றர் வெல்டிங் என்று ஊரில் சொல்வார்கள். தொண்டையை அளந்தால் நாலுக்குக் கொஞ்சம் மேலே வரும். நான் நம்ப வேண்டியது ஆறை இல்லை, நாலை.

ஒரு சதுர மில்லிமீற்றர் ஒட்டின்மேல் எவ்வளவு இழுவை விழுகிறது என்பதுதான் தகைப்பு. உயர்தர வகுப்பில் தமிழில் அந்தச் சொல்லைப் படித்தேன். கம்பஸில், பல்கலைக்கழகத்தில், அதையே ஆங்கிலத்தில் படித்தேன். எனக்குள் இன்றும் அது தகைப்புதான்.

கைப்பிடித் தூண் ஒரு மீற்றர் உயரம். மேலே ஒருவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் அடியில் தூண் வெளியே மடியப் பார்க்கும். அப்போது வெளிப்பக்க ஒட்டு நசுங்கும், உள்பக்க ஒட்டு பிரிய இழுக்கும். நெம்புகோலில் கல்லைக் கிளப்பியவர்களுக்கு இது தெரியும். மேலே சின்ன விசை, கீழே பெரிய இழுவை.

நான் அந்தத் தூண்களுக்கு மூன்று பக்கம்தான் வெல்டிங் கேட்டிருந்தேன். உள்பக்கத்தில் நடைபாதைத் தகடு வந்து முட்டியது. அதற்குள் வெல்டிங் குச்சி நுழையாது. மூன்று பக்கத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கக்கூடியதில் முக்கால்வாசிதான் தகைப்பு வந்தது. கையெழுத்து வைத்தேன்.

அந்தக் கணக்கில் ஒரு கூட்டல்கூடப் பிழையில்லை. பிழை கணக்குக்கு முன்னால் இருந்தது. யார் பயன்படுத்துவார்கள் என்று எழுத, படிவத்தில் "பாவிப்போர்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதியது: பாதசாரிகள், குறைந்த பாவனை.

ஏன் அப்படி எழுதினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது முழு உண்மையில்லை. தோட்டத்துப் பிள்ளை என்பதால் தோட்டத்துப் பாலத்தைப் பெரிதாக்கிப் போடுகிறாள் என்று அலுவலகத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, புத்தகத்தில் இருந்ததை மட்டும் எடுத்தேன். வெளியூர் இஞ்சினியர் ஒருவர் வந்திருந்தால், இங்கே யார் நிற்பார்கள் என்று ஒருதடவை கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

சாக்கை ஏன் தரையில் வைக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கொழுந்தில் சேறு ஒட்டும், கணக்கப்பிள்ளை திட்டுவார். இறக்கிவைத்தால் திரும்பத் தூக்கித் தலையில் மாட்ட இன்னொரு கை வேண்டும். அதனால் எங்கே இடுப்புயரத்தில் ஒரு குழாயோ மரமோ கண்டாலும் சாக்கை அதில் ஏற்றிச் சாய்வார்கள். பழைய பாலத்தில் அம்மா சாய்ந்து நிற்க, பக்கத்தில் நானும் புத்தகப் பையைச் சாய்த்து நின்றிருக்கிறேன்.

ஓர் உருளைக்கிழங்குப் பக்கவழி

வெல்டிங் வெளிச்சத்தை நான் முதலில் பார்த்தது ஏழோ எட்டோ படிக்கும்போது, தொழிற்சாலையில். பார்க்காதே என்று சொன்னார்கள். ஆகவே பார்த்தேன். அன்று சாயங்காலம் கண்ணுக்குள் மணலைக் கொட்டினது மாதிரி எரிந்தது. அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே திட்டியது.

ரிஸ்வான் நானாவின் பட்டறைக்கு வரைபடம் எடுத்துப் போன முதல் நாள், சுவிட்ச் பலகைக்குக் கீழே ஒரு தட்டில் இரண்டு உருளைக்கிழங்கு இருந்ததைக் கண்டேன்.

"சமையலும் இங்கதானா நானா?"

"கண்ணுக்கு மிஸ். வெளிச்சம் அடிச்சா வெட்டி வெச்சிட்டு படுத்துக்கிறது. வெலிமடக் கிழங்குதான் சரி. மத்தது தண்ணி."

எந்த மருத்துவரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் தன் கண்ணுக்கு எந்த ஊர்க் கிழங்கு என்றுகூடப் பார்க்கிற ஆள் வெல்டிங்கில் குறை வைக்கமாட்டார் என்று அன்றே முடிவு செய்தேன். அது சரியான முடிவு. இன்னொன்றும் அன்று நடந்தது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "உள்பக்கம் வேணாமா மிஸ்?"

"வேண்டாம் நானா. கணக்குச் சரி," என்றேன்.

"எனக்கு எண் வேண்டும்"

திரும்பவும் செவ்வாய்க்கிழமை. வரிசை முன்னே நகர்ந்து பாலம் காலியானதும் கைப்பிடிக் குழாயைப் போய்ப் பார்த்தேன். பாதி காய்ந்த பச்சைப் பெயிண்ட் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழிந்திருந்தது. இடையில் ஒரு சாண்கூட மிச்சமில்லை. அதாவது முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் சுமை. அந்தப் பெயிண்ட் இருபத்துநான்கு சாக்குகளில் பச்சைக் கோடாகப் போயிருந்தது.

மடுவத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். புத்தகத்தில் கூட்டம் நிற்கும் இடத்துக்கென்று இன்னொரு வகை உண்டு. அதன் சுமையைப் போட்டால் மூன்று பக்க ஒட்டு தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு தகைப்பு வந்தது. இன்றைக்கே உடையும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை, வருடக்கணக்காக, பிரிய இழுக்கும் பக்கத்தில் ஒட்டே இல்லாமல். அது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது.

மடுவத்துக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் போன் சிக்னல் கிடைக்கும். அங்கே போய்ப் பெரிய சேரை அழைத்தேன். அவர் சிங்களத்தில் பேசுவார். கடுமையானவர், ஆனால் நியாயமானவர்.

"தோட்டத்து நடைபாதைக்குக் கூட்டத்தின் சுமை ஏன்?" என்றார்.

சொன்னேன்.

"சாய வேண்டாம் என்று ஒரு பலகை அடித்துவிடு."

"சேர், அந்தப் பலகைமேலும் சாக்கைத்தான் வைப்பார்கள்."

அவர் சொன்னார்: "நீ உன் பயத்தைச் சொல்கிறாய். பயத்துக்கு நான் வரைபடத்தை மாற்ற முடியாது. எனக்கு எண் வேண்டும். ஐந்து மணிக்குள் எடு."

அந்த வார்த்தை எனக்குக் கோபத்தைத் தரவில்லை. வழியைத்தான் காட்டியது. எண் வேண்டுமென்றால் அளக்க வேண்டும். இந்தத் தோட்டத்தில் அளக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். நான் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சாய்வதை நிறுத்துப் பார்த்தது

மடுவத்தில் இப்போது டிஜிட்டல் தராசு. பழைய வட்டத் தராசு, பெரிய முள்ளோடு, மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை இளைஞர்.

"எதுக்கு மிஸ் அது?"

"சாயிறத நிறுக்கணும்."

"சாயிறதயா? சரி, நிறுங்க. இங்க எதத்தான் நிறுக்கல."

ரிஸ்வான் நானா மிச்சக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். மடுவத்துக் கூரைச் சட்டத்திலிருந்து இரண்டு கயிற்றில் அதை இடுப்புயரத்தில், படுக்கையாகத் தொங்கவிட்டோம். நீளம் ஒன்றரை மீற்றர், பாலத்தில் இரண்டு தூணுக்கு இடையில் உள்ள அதே தூரம். குழாயின் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் தராசின் கொக்கி, தராசின் மறுபக்கம் மடுவத்துத் தூணில் கட்டு. யாராவது குழாயில் சாய்ந்தால், எவ்வளவு சாய்கிறார்கள் என்று முள் சொல்லும்.

நாலு மணிக்குச் சாயங்காலக் கொழுந்து வந்தது. மூன்று பேரைக் கூப்பிட்டேன். அம்மா, அம்மாவின் கூட்டாளி ராமாயி அத்தை, என்னோடு ஒரே வகுப்பில் படித்த புவனா. மூன்று பேர் முதுகிலும் நிறைந்த சாக்கு. மூன்றிலும் பகலில் ஒட்டிய பச்சைப் பெயிண்ட் கோடு.

"கொழுந்த நிறுத்தாங்க, சரின்னு இருந்தோம்," என்றது ராமாயி அத்தை. "இப்ப ஆளயே நிறுக்கிறாங்க. ஏம்மா இஞ்சினியர், எங்களுக்கும் தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பியா?"

வரிசை சிரித்தது. கணக்கப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை நாளில் ஈரக் கொழுந்துக்குக் கழிப்பது அவர்தான்.

"ஒங்களுக்குக் கழிச்சா என்ன மிஞ்சும் அத்த? வாய் மட்டுந்தான்," என்றாள் புவனா.

மூன்று பேரும் திரும்பி நின்று, சாக்கை ஏற்றி, சாய்ந்தார்கள். முள் எழுபதில் நின்றது.

என் படிவத்துக் கணக்குப்படி அந்த நீளத்துக்கு நான் விட்டிருந்தது ஐம்பத்தைந்து கிலோ. எழுபது என்றாலே அதைவிடக் கூடுதல். ஆனால் எனக்கு அந்த எழுபதில் நம்பிக்கை வரவில்லை. முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தேன். அத்தையும் புவனாவும் சாய்ந்திருந்தார்கள். அம்மா சாயவில்லை. சாக்கு குழாயில் இருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது.

எண் கூடினால் மகளுக்குக் கரைச்சல் என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறது.

"அம்மா, நல்லா சாயுங்க."

"சாஞ்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

"இல்ல. எனக்காக நிக்கிறீங்க. எப்பவும்போல சாயுங்க."

"அடி ஆத்தே," என்றது ராமாயி அத்தை. "மகளுக்கு மார்க்கு போட நிக்கிது பாரு! சாயுடி. அவ பெரிய பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டா. இதுலயும் பண்ணுவா."

அம்மா என்னை ஒருதடவை பார்த்தது. பிறகு மூச்சை விட்டது. விட்டபடி சாய்ந்தது, நாள் முழுக்க மலையில் நின்ற உடம்பு சாய்கிற மாதிரி. முள் தொண்ணூற்றைந்துக்குப் போய் நின்றது.

"இப்ப சரியா?" என்றது, கண்ணை மூடிக்கொண்டே.

"சரிம்மா."

"சரின்னா ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு?" என்றாள் புவனா. "பால்டி தண்ணியில முக்கி எடுத்த பூன மாதிரி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க முள் குதித்தது. நூற்றுப்பத்தைத் தொட்டு இறங்கியது. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதினேன். சாய்வு: தொண்ணூற்றைந்து. சிரிப்பு: நூற்றுப்பத்து. வடிவமைப்புக்கு எடுத்தது இரண்டாவதை. பழைய பாலத்தில் யாரும் சிரிக்காமல் நின்றதை நான் பார்த்ததில்லை.

புத்தகத்தில் கூட்டத்துக்குச் சொல்லியிருந்த சுமை, கிலோவில் போட்டால் நூற்றுப்பதின்மூன்று. ராமாயி அத்தைக்கும் புத்தகத்துக்கும் மூன்று கிலோதான் வித்தியாசம். அதைக் கண்டபோது, நியாயமில்லாத நேரத்தில், எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலே முக்காலுக்குத் தண்ணீர்த் தாங்கிக்குப் போய் எண்ணைச் சொன்னேன். பெரிய சேர் எப்படி அளந்தாய் என்று கேட்டார். சொன்னேன். தராசின் படத்தை அனுப்பச் சொன்னார். பிறகு, "வரைபடத்தைத் திருத்து. திருத்தத்துக்குக் காரணம் என்ற இடத்தில் உண்மையை எழுது," என்றார்.

தலைவரிடம்

மிச்சம் இருந்தது தலைவர். தோட்டக் கமிட்டித் தலைவர் வேலாயுதம் அண்ணன், பாலத்துக்காக ஓர் அலுவலகம் விடாமல் ஏறி இறங்கியவர். பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். மடுவத்து வரிசை முழுக்க அவருக்குப் பின்னால் நின்றது.

"அண்ணே, வியாழக்கிழம தெறக்க முடியாது. ஞாயித்துக்கிழம தெறக்கலாம்."

"என்ன பேசுற பிள்ள? வியாழன் காலைல ஒம்பது இருவதுக்கு நேரம் குறிச்சாச்சு. பூசாரிக்குச் சொல்லியாச்சு. பெரியவங்க வாராங்க. மழ வேற எறங்கப் போவுது." அவர் ரிஸ்வான் நானாவின் பக்கம் திரும்பினார். "என்னங்க பாய், வெல்டிங் சரியில்லையா?"

நானா என்னைப் பார்த்தார். உள்பக்கம் வேண்டாமா என்று அவர் கேட்டது அவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

"வெல்டிங்ல பிழையில்லண்ணே," என்றேன். "நாலு பக்கமும் ஒட்டணுமான்னு நானா என்கிட்ட கேட்டாரு. நான்தான் மூணு போதும்னு சொன்னேன். இவங்க சாயிறத நான் கணக்குல எடுக்கல. பிழ என்னோடது."

எழுதும்போது இது ஐந்து வாக்கியம். சொல்லும்போது நீளமாக இருந்தது. என் கையெழுத்து இருந்த முதல் வரைபடம். என் சொந்த டிவிசன்.

தலைவர் கம்பைக் கீழே போட்டார். "இம்புட்டு நாளு எங்கம்மா போன? பெயிண்ட் அடிச்ச பெறகா வாரது?"

கீழே விழுந்த கம்பை எடுத்துப் பந்தலோரம் சாய்த்துவைத்தேன். 

பின்னாலிருந்து ராமாயி அத்தைதான் பேசியது. "தலைவரே, நாளைக்கு உடைஞ்சா தண்ணியில விழப்போறது நாங்க. பந்தல் இல்ல. பிள்ள நம்மள நிறுத்துப் பாத்துட்டுச் சொல்லுது. இதுக்கு முன்னாடி எவன் வந்து நிறுத்தான்?"

தலைவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கியின் பக்கம் நடந்தார். பூசாரியிடம் புதிய நேரம் கேட்க.

படங்குக்குக் கீழே

புதன்கிழமை தொடங்கினோம். ஒவ்வொரு தூணின் உள்பக்கத்திலும் நடைபாதைத் தகட்டை ஒரு கை அகலத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும். பெயிண்டைச் சுரண்ட வேண்டும். நான்காவது பக்கத்தை ஒட்ட வேண்டும். ஆறின பிறகு நான் அளக்க வேண்டும். அந்த ஒரு பக்கம் கூடினால் தூணின் அடி இரண்டரை மடங்குக்கும் மேலே தாங்கும். கூடுவது கால் பங்கு ஒட்டுதான். சரியான இடத்தில் கூடுகிறது, அதனால்தான்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. ஈரத்தில் ஒட்டினால் ஒட்டுக்குள் காற்றுக் குமிழ் வரும். நானா குச்சியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "ஏழு தூண் முடிஞ்சி ஈக்கி மிஸ். மிச்சம் நாளைக்குத்தான். நாளைக்கும் இப்புடித்தான் ஈக்கும் போல."

நாலு மணி நிறுவை முடிந்து பெண்கள் வந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை, மலையில் செடி கிழிக்காமல் கட்டும் அந்தத் தடித்த பொலித்தீன் தாளை, அவிழ்த்தார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து நானாவின் தலைக்கு மேலே விரித்தார்கள்.

"வெளிச்சத்தப் பாக்காதீங்க," என்று கத்தினேன்.

"எல்லாரும் ஆத்துப் பக்கம் திரும்புங்கடி," என்றது அம்மா. "இவ சின்னதுல பாத்துட்டு ராவெல்லாம் கத்துனா."

ஆகவே நாலு பெண்கள் கையை உயர்த்தி, முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படங்கின் ஓரத்திலிருந்து மழை வழிந்தது. அதற்குக் கீழே நீல வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. சுட்ட இரும்பின் வாசனையும் பச்சைக் கொழுந்தின் வாசனையும் ஒன்றாக வந்தன. கை வலித்தால் அடுத்தவர் மாறினார்.

"இப்புடி குடை புடிச்சு எனக்கு வேல செய்ய வெச்சது நீங்கதான்," என்றார் நானா, முகமூடிக்குள்ளிருந்து.

"கலியாணத்துல புடிக்கலையா பாய்?" என்றது ராமாயி அத்தை.

"கலியாணத்தண்டு இவ்வளவு பெரிய மழ இல்லையே."

வியாழன் சாயங்காலம் பதினெட்டாவது தூண் முடிந்தது. பாலத்தில் இருட்டுமுன் ஒவ்வொன்றாக அளந்தேன். சாயம் ஊற்றி வெடிப்புப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒட்டு ஒரு மயிரிழை மெலிந்திருந்தது. நானா அந்த இரண்டையும் வெள்ளிக்கிழமை காலை திரும்பச் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை

புதிய நேரம் பத்து ஐந்து. வர வேண்டிய பெரியவர்களில் பாதிப்பேர் வரவில்லை. தலைவர் என்னோடு பேசவில்லை, ஆனால் மாலை ஒன்று எனக்கும் வாங்கியிருந்தார். அதை நானாவின் கழுத்தில் போட்டேன். அவர் வெட்கப்பட்டு உடனே கழற்றி ஒன்றாம் தூணுக்கு மாட்டினார்.

அன்று வேலை இல்லாத நாள். யாரிடமும் சாக்கு இல்லை. ஆனாலும் நாடா வெட்டியதும் பெண்கள் பாலத்துக்குள் போய், வரிசையாகத் திரும்பி, வெறும் முதுகோடு சாய்ந்தார்கள். சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அது அவர்களுடைய உரிமை.

இப்போதைய நிலை

பாலம் பாவனையில் இருக்கிறது. பதினெட்டுத் தூண்களும் நான்கு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கின்றன. வருடத்துக்கு ஒருதடவை நான் போய் அளக்கிறேன். இதுவரை வெடிப்பு இல்லை. நான்காம் தூணின் அடியில் கொஞ்சம் துரு இருந்தது, சுரண்டிப் பெயிண்ட் அடித்தாயிற்று. திருத்திய வரைபடம் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது. அதில் "பாவிப்போர்" என்ற கட்டத்தில் இப்போது எழுதியிருப்பது: கொழுந்துச் சாக்குடன் வரிசையாகச் சாய்ந்து நிற்போர். சாக்கு உரசும் மேல்குழாயில் பச்சைப் பெயிண்ட் நிற்பதில்லை, அதை விட்டுவிட்டோம். அம்மா இன்னும் வேலைக்குப் போகிறது. ஏழாவது தூணில் சாய்கிறது.